வைக்கோல் பெட்டிக்குள் மக்ரோனி

மக்ரோனியை வேகவைப்பது பெரிய வித்தை ஒன்றும் இல்லை, ஐயா. தண்ணீர் தளதளவென்று கொதிக்க வேண்டும், உப்பு தாராளமாக விழ வேண்டும், ஒரு குழலை எடுத்துக் கடித்தால் நடுவில் லேசாகப் பல்லை எதிர்க்க வேண்டும். அந்தப் பதத்தில் வடித்துவிட்டால் ஆயிற்று. இதை யார் வேண்டுமானாலும் செய்துவிடலாம். வடித்த பிறகு, சாப்பிடுகிறவர் வந்து நாற்காலியில் உட்காரும் வரைக்கும் அதன் சூடும் ஈரமும் போகாமல் காப்பாற்றுவது இருக்கிறதே, சமையல்காரனின் லட்சணம் அங்கேதான் தெரியும்.

நீங்கள் விசாரிப்பது ரயில் கேட்டைப் பற்றி. எனக்கு மறக்கவில்லை. போன சனிக்கிழமை பகலில் வேகன்கள் எல்லாம் போன பிறகும் ராயபுரம் போகிற ரோட்டில் எங்கள் கம்பெனி கேட் முக்கால் மணி நேரம் ஏன் சாத்திக்கிடந்தது, கேட்காரன் லோகநாதன் யார் பேச்சைக் கேட்டு அப்படிச் செய்தான் என்று கேட்கிறீர்கள். சொல்கிறேன், ஒளிக்க என்ன இருக்கிறது. ஆனால் நடுவிலிருந்து பிடித்துக்கொண்டு சொன்னால் நான் ஏதோ புத்தி பேதலித்தவன் மாதிரி உங்களுக்குத் தோன்றும். மக்ரோனியிலிருந்து ஆரம்பித்தால்தான் விஷயம் ஒழுங்காக வரும். ஸ்டேஷன் ரைட்டர் ஐயா எழுதுகிற வேகத்துக்கு நான் நிறுத்தி நிறுத்தியே பேசுகிறேன்.

என் பெயர் பரசுராமன். வியாசர்பாடியில் வீடு. கொருக்குப்பேட்டையில் ட்ரெவில் எண்ணெய்க் கம்பெனி டிப்போவில், துரைமார் மெஸ்ஸில் பதினோரு வருஷமாக இரண்டாவது குக். சுதந்திரம் வந்து நாலு வருஷம் ஆகிறது, ஆனால் எங்கள் மெஸ்ஸில் இன்னும் கத்தியும் முள்ளும்தான், சூப்பு இல்லாமல் சாப்பாடு இல்லை.

எண்ணெய் டிப்போவில் சமைப்பதற்கு மற்ற இடங்களில் இல்லாத ஒரு தொல்லை உண்டு. காம்பவுண்டுக்குள் நாலு பெரிய மண்ணெண்ணெய்த் தொட்டிகள். சனிக்கிழமைதோறும் பன்னிரண்டரை மணிக்கு ரோட்டைக் குறுக்கே தாண்டுகிற தண்டவாளத்தில் எண்ணெய் டாங்கி வேகன்களைத் தள்ளிக்கொண்டு வருவார்கள். கேட்டைச் சாத்திச் சிவப்புக் கொடி ஏற்றி மணி அடித்துவிட்டால், கொடி இறங்கிக் கேட் திறக்கிற வரைக்கும் காம்பவுண்டுக்குள் நெருப்பு என்பதே கூடாது. அடுப்பில் தண்ணீர் ஊற்றி அணைக்க வேண்டும். போர்மன் கூடப் பீடியைக் காதில் செருகிக்கொண்டு அல்லாடுவார். துரைமார் சாப்பிட வருவது ஒரு மணிக்கு. அதாவது பன்னிரண்டரைக்கு இறக்கியதை ஒரு மணிக்குச் சூடாகப் போட வேண்டும், கங்கு ஒன்றுகூட இல்லாமல். பழைய ஹெட் குக் தவசிமுத்து இதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். சனிக்கிழமையானால் குளிர்ந்த கறியையும் வெள்ளரிக்காயையும் நறுக்கி வைத்துவிட்டு நிம்மதியாக உட்கார்ந்திருப்பார். துரைமார் அவரைத் திட்டாத சனிக்கிழமை கிடையாது.

நான் செய்தது வைக்கோல் பெட்டி. துறைமுகத்திலிருந்து சோடா புட்டிகள் வந்த மரப்பெட்டி ஒன்று கிடந்தது. அதற்குள் வைக்கோலை இறுக்கி அடைத்து, பழைய கம்பளியை மெத்தைபோல் தைத்துப் போட்டேன். மணி அடிக்கிறதற்கு ஐந்து நிமிஷம் முன்னால் ஒரு தேக்சா நிறையக் கொதிக்கிற தண்ணீரை அதற்குள் இறக்கிவிடுவேன். அதன் வாயில் பீங்கான் பாத்திரம் உட்கார்ந்துகொள்ளும். மக்ரோனியை ஒட்ட வடிக்கக் கூடாது, கொஞ்சம் சொட்டச் சொட்ட விட வேண்டும். பச்சைத் தண்ணீரில் அலசவே கூடாது, அப்படி அலசுகிறவனை நான் சமையற்கட்டில் நிற்கவிட மாட்டேன். சுடச்சுட வெண்ணெய் போட்டுப் புரட்டி, பாத்திரத்தில் தளர்வாகப் பரப்பி, வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியை மேலே விரித்து மூட வேண்டும். வடித்த கஞ்சியைக் கொட்டாமல் சூடாக ஒரு பிளாஸ்க்கில் வைத்துக்கொண்டு, பத்து நிமிஷத்துக்கு ஒரு கரண்டி தெளித்து முள்கரண்டியால் மெல்லத் தூக்கிவிட வேண்டும். கிளறினால் போச்சு. குழம்பை அதில் சேர்க்கக் கூடாது, அது தனியாக வேறொரு ஜாடியில் இருக்க வேண்டும். இப்படி வைத்தால் ஒன்றரை மணி நேரம் வரைக்கும் ஒரு குழல் இன்னொன்றோடு ஒட்டாது. ரைட்டர் ஐயா இதையும் எழுதிக்கொண்டால் நல்லது, வீட்டில் சேமியாவுக்கும் உதவும்.

இப்போது வேலப்பன். என் தங்கை நீலாவின் புருஷன். நான்தான் பார்த்துக் கட்டிவைத்தேன். எங்கள் அப்பாவும் அம்மாவும் ஒரே வருஷம் காலராவில் போனபோது நீலாவுக்கு ஆறு வயது, எனக்குப் பதினெட்டு. அவளைத் தலைவாரிப் பூச்சூட்டி வளர்த்தது நான், சோறு பிசைந்து ஊட்டியதும் நான். உள்ளங்கையில் வைத்துத் தாங்கினேன் என்று வியாசர்பாடியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். வேலப்பன் அப்போது மௌன்ட் ரோடு பக்கம் ஒரு பெரிய ஓட்டலில் வேலை பார்த்துக்கொண்டிருந்தான். கல்யாணம் ஆனதும் அவனை எங்கள் மெஸ்ஸுக்குக் கொண்டுவந்து சேர்த்ததும் நான்தான். இரண்டு வருஷம் ஆகிறது.

நல்ல பையன். அவனைப் பற்றி ஒரு குறை சொல்ல என் வாய் வராது. எப்போது பார்த்தாலும் சிரிப்பு, பாட்டு. வெங்காயம் உரிக்கிற பொம்பளைகள்கூட அவன் பக்கத்தில் உட்கார்ந்து உரிக்கத்தான் ஆசைப்படுவார்கள். கைமணமும் உண்டு. அடுப்பிலிருந்து நேராகத் தட்டுக்குப் போகிற பதார்த்தம் எதுவானாலும் என்னைவிட அவன் ஒரு படி மேல். இதை நானே சொல்கிறேன் பாருங்கள், எனக்குப் பொறாமை இருந்தால் சொல்வேனா.

இந்த வருஷம் தை மாதம் தவசிமுத்து ஊரோடு போய்விட்டார். புது மானேஜர் மெல்லிஷ் துரை வந்தார். பட்டாளத்துக்காரர். சண்டைக்காலத்தில் இத்தாலியில் இருந்தவராம், நாம் சோறு சாப்பிடுகிற மாதிரி மக்ரோனி சாப்பிடுவார். ஹெட் குக் யார் என்ற பேச்சு வந்தது. பதினோரு வருஷத்துக்காரன் நான் இருக்கும்போது அதில் பேசுவதற்கு என்ன இருக்கிறது என்றுதான் நினைத்தேன். துரை அப்படி நினைக்கவில்லை. சனிக்கிழமை மதியம் இரண்டு பேரும் ஆளுக்கொரு மக்ரோனி வையுங்கள், பாத்திரத்தில் பெயர் வேண்டாம், ஒன்று இரண்டு என்று சீட்டு ஒட்டுங்கள், எது பிடிக்கிறதோ அவன்தான் ஹெட் குக் என்று மெஸ் கிளார்க்கிடம் சொல்லிவிட்டார்.

எனக்கு அது பிடிக்கவில்லை, மறைப்பானேன். தோற்றால் என்ன ஆகும் என்று பாருங்கள். நான் கொண்டுவந்து சேர்த்த பையனிடம், என் தங்கை புருஷனிடம், இன்றைக்கு உப்பு எவ்வளவு போடட்டும் என்று நான் கேட்டு நிற்க வேண்டும். அவன் பித்தளைப் பொத்தான் வைத்த வெள்ளைக் கோட்டில் நிற்பான், நான் பழைய ஏப்ரனில் பூண்டு உரிப்பேன். நினைத்துப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. அவனோ குஷியாகத்தான் இருந்தான்.

“மச்சான், நான் கெலிச்சா உனக்கு பிரியாணி. நீ கெலிச்சா எனக்கு பிரியாணி. எப்டிப் பாத்தாலும் பிரியாணிதான், இன்னாத்துக்கு மூஞ்ச தூக்கி வெச்சிகினு கீற” என்றான்.

நானும் சிரித்துவிட்டேன். அவனிடம் கோபித்துக்கொள்ள யாராலும் முடியாது.

உட்கார்ந்து யோசித்தேன். வேலப்பன் ஓட்டல்காரன். பால், மாவு, சீஸ் எல்லாம் சேர்த்துக் கிண்டிய குழம்பில் மக்ரோனியைப் போட்டுக் கொதிக்கக் கொதிக்க இறக்குவான். அந்த நிமிஷத்தில் அது அமிர்தம்தான். அரை மணி போனால் இறுக ஆரம்பிக்கும். ஒரு மணி போனால் கரண்டியை நட்டு வைத்தால் நிற்கும். ஓட்டலில் அடுப்பு அணைவதே இல்லை, அதனால் அவனுக்கு அந்தக் கவலை வந்ததே கிடையாது. துரை சரியாக ஒரு மணிக்கு உட்கார்ந்தால் அவன் ஜெயிப்பான். இரண்டு மணிக்கு ஒட்டி உட்கார்ந்தால் நான் ஜெயிப்பேன். இதில் அநியாயம் எங்கே இருக்கிறது. எங்கள் டிப்போவில் சமையல் என்றாலே நெருப்பில்லாமல் காப்பாற்றுவதுதானே. எது உண்மையான வேலையோ அதற்குத்தான் பரீட்சை வைக்க வேண்டும் என்று நினைத்தேன், அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை லோகநாதனைப் பார்த்தேன். துரை சனிக்கிழமை காலையில் துறைமுகத்துக்குப் போய்விட்டுக் கேட் வழியாகத்தான் திரும்ப வருவார். கேட் மூடியிருந்தால் கார் அந்தப் பக்கம் நிற்கும், அடுப்பும் பற்றவைக்க முடியாது. வேகன்கள் போன பிறகு ஒரு இருபது நிமிஷம் திறக்காதே என்று கேட்டேன். லோகநாதன் தினமும் எங்கள் சமையற்கட்டுப் பின்வாசலில் சாப்பிடுகிறவன். ஆனாலும் தயங்கினான்.

“இன்னா அண்ணாத்தே, கேட்டு இன்னா எங்க நைனா வூட்டுக் கதவா? நீ சொன்னா மூட, நீ சொன்னா தொறக்க?”

நான் ஹெட் குக் ஆனால் அவன் மச்சினனை மெஸ்ஸில் பரிமாறுகிற பேரராகச் சேர்த்துவிடுகிறேன் என்றேன். அவனுக்கு அந்த மச்சினனால் வீட்டில் ஏகப்பட்ட பேஜாரு. ஒத்துக்கொண்டான். துரை கேட்டால் ஒரு வேகன் பின்னால் தங்கிவிட்டது என்று சொல்லச் சொல்லிக் கொடுத்தேன். துரை இறங்கிவந்து கத்த மாட்டார், எனக்குத் தெரியும். சிவப்புக் கொடி ஏறினால் கவர்னரே வந்தாலும் திறக்காதே என்று உத்தரவு போட்டவரே அவர்தான்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குச் சமையற்கட்டுப் பின்வாசலுக்குக் கெங்கம்மா வந்தாள். நீலாவின் பக்கத்து வீட்டுக்காரி. ஓடிவந்த மூச்சு இன்னும் அடங்கவில்லை. நீலா நிறைமாதம் என்று சொன்னேனா? இல்லையா? நிறைமாதம். முதல் பிரசவம்.

“வெடிகாலைலேர்ந்து வலி கண்டுகினு கீது. மருத்துவச்சி கை வெச்சிப் பாத்துட்டு, என்னால ஆவாது, ராயபுரம் ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போன்னுட்டா. வேலப்பன் வரட்டும்னு புள்ள காத்துகினு கீது. சட்டுனு அனுப்பு நைனா” என்றாள்.

அனுப்புகிறேன் போ என்றேன். அவளும் போய்விட்டாள்.

வேலப்பனிடம் நான் சொல்லவில்லை. ஏன் என்று நீங்கள் கேட்பீர்கள். சொன்னால் அவன் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு ஓடியிருப்பான். போட்டிக்கு ஆள் இல்லாமல் நான் ஒருவனே நின்று ஜெயித்தால் அது ஒரு ஜெயமா? துரைதான் என்ன நினைப்பார்? அதுவும் போக, வேலப்பன் ஒரு வாரமாக அந்தக் குழம்பைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தான். அவனுக்குக் கிடைத்த ஒரு சந்தர்ப்பத்தை நான் கெடுக்கக் கூடாது அல்லவா. முதல் பிரசவம் சட்டென்று ஆகிவிடாது, சாயங்காலம் இரண்டு பேருமாகப் போய்ப் பார்க்கலாம், ஹெட் குக் சமாசாரத்தையும் அவளிடம் சொல்லலாம் என்று கணக்குப் போட்டேன். அவர்கள் பன்னிரண்டு மணி வரைக்கும் வேலப்பனுக்காகக் காத்துக்கொண்டிருந்தார்களாம். பிறகுதான் ரிக்‌ஷா பிடித்தார்களாம். அது எனக்குப் பின்னால் தெரிந்த விஷயம்.

சமையல் ஜோராக நடந்தது. அவன் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். பன்னிரண்டு இருபதுக்கு அவன் மக்ரோனி இறங்கியது. வாசனை பிடித்துக்கொண்டு மெஸ் கிளார்க்கே எட்டிப் பார்த்தார். எனக்கு ஒரு கரண்டி கொடுத்தான். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த மாதிரி ஒன்றை நான் என் வாழ்க்கையில் சமைத்ததில்லை. நன்றாக இருக்கிறது மாப்பிள்ளை என்றேன். அவன் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டும்.

மணி அடித்தது. அடுப்புகளை அணைத்தோம். வேலப்பன் வைக்கோல் பெட்டியைப் பார்த்துவிட்டு, ஓரமாகத் தன் பாத்திரத்துக்கும் இடம் உண்டா என்று கேட்டான். பெட்டி ஒரு பாத்திரத்துக்குத்தான் அளவு என்றேன். உண்மையும் அதுதான், நீங்கள் வந்து அளந்து பார்க்கலாம். அவன் பரவாயில்லை என்று ஒரு துண்டைச் சுற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, மேஜை விரிப்பை மடிப்பெடுத்துக்கொண்டு பாட ஆரம்பித்தான்.

பன்னிரண்டு ஐம்பதுக்கு வேகன்கள் தொட்டிப் பக்கம் போய்ச் சேர்ந்துவிட்டன. கேட் திறக்கவில்லை. ஒரு மணி ஆயிற்று. நான் மூன்று தடவை கஞ்சி தெளித்துவிட்டேன், என் பாத்திரத்தில் ஆவி அப்படியே நிற்கிறது. ஒன்று ஐந்துக்கு வேலப்பன் கை கழுவப் போன நேரம் பார்த்து அவன் துண்டைப் பிரித்து மூடியைத் தூக்கிப் பார்த்தேன். எனக்குத் திக்கென்றது. ஓரம் கொஞ்சம் உறைந்திருக்கிறது, நடு இன்னும் குழைவாகப் பளபளக்கிறது. ஓட்டல் கை அப்படி. ஒன்று பத்துக்குத் துரை வந்து உட்கார்ந்தால் அவன்தான் ஹெட் குக். இன்னும் இருபது, இருபத்தைந்து நிமிஷம் போனால்தான் அது கல்லாகும்.

கேட் நூறு கஜம்தான். போனேன். அந்தப் பக்கம் துரையின் கார் நின்றது. கண்ணாடியை இறக்கிவிட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார், பட்டாளத்துக்காரருக்குக் காத்திருப்பது பழக்கம்தான். லோகநாதன் கொடிக் கயிற்றில் கை வைத்துக்கொண்டு வியர்த்து வடிந்து நின்றான். என்னைக் கண்டதும் நல்லவேளை வந்தாய், இறக்கிவிடட்டுமா என்றான். இன்னும் இருபத்தைந்து நிமிஷம் என்றேன். அவன் என்னென்னவோ சொன்னான், இந்தப் பக்கம் கை காட்டினான். நான் சொன்னதைச் செய் என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டேன். ஒன்று முப்பத்தைந்துக்குக் கேட் திறந்தது.

மேஜைக் காட்சியை நான் ஆயுசுக்கும் மறக்க மாட்டேன், ஐயா. முதலில் ஒன்றாம் நம்பர், வேலப்பனுடையது. பேரர் கரண்டி போட்டான். மக்ரோனி வரவில்லை, பாத்திரமே கரண்டியோடு மேலே வந்தது. துரைமார் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மெல்லிஷ் துரை கத்தியால் ஒரு துண்டு வெட்டித் தட்டில் வைத்துத் தட்டிப் பார்த்தார், செங்கல் மாதிரி சத்தம் வந்தது. பிறகு இரண்டாம் நம்பர். துணியை எடுத்தேன். ஆவி குப்பென்று எழுந்தது. குழல் குழலாகத் தனித்தனியாக, வெண்ணெய் மினுங்க, இப்போதுதான் வடித்த மாதிரி. துரை ஒரு வாய் எடுத்தார், இரண்டு வாய் எடுத்தார். நெருப்பில்லாமல் இதை எப்படிச் செய்தான், யார் இவன் என்று கேட்டார்.

பதில் சொன்னது வேலப்பன்தான். கதவோரத்தில் நின்றவன் முன்னால் வந்து, “எங்க மச்சான் சார். கோழி அடைகாக்கிற மாதிரி வைக்கோல்ல வெச்சிக் காப்பாத்தினாரு” என்றான். தோற்றவன் முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. முதலில் கைதட்டியவனும் அவன்தான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அன்றைக்கே கோட் கொடுத்தார்கள். தோளில் கொஞ்சம் இறுக்கம், தையல்காரனிடம் பிரித்துத் தைத்துக்கொள்ளலாம்.

மூன்று மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் வந்தது. கேட் திறந்து ரிக்‌ஷா அங்கே போய்ச் சேரும்போது இரண்டு மணி ஆகியிருக்கிறது. குழந்தையை எடுத்துவிட்டார்கள், பெண். நீலாவைத்தான் காப்பாற்ற முடியவில்லை. அரை மணி முன்னால் வந்திருந்தால் பிழைத்திருப்பாள் என்று டாக்டரம்மா சொன்னாராம். டாக்டர்கள் எப்போதும் ஒரு அரை மணி சொல்லத்தான் சொல்வார்கள். வேலப்பன் ஏப்ரனோடு ஓடினான். நானும் ஓடினேன். அவளைக் குளிப்பாட்டி மஞ்சள் பூசிக் கிடத்தியிருந்தபோது தலைமாட்டில் விடிய விடிய உட்கார்ந்திருந்தது நான். அழுதேன். யாரைவிடவும் அதிகமாக அழுதேன்.

இன்றைக்கு ஆறாம் நாள். வேலப்பன் பாடுவதை நிறுத்திவிட்டான். குழந்தை கெங்கம்மாவிடம் இருக்கிறது. லோகநாதன்மேல் புகார் கொடுத்ததும் அவள்தான், அதனால்தான் நீங்கள் அவனைப் பிடித்து வைத்திருக்கிறீர்கள். அவனை விட்டுவிடுங்கள், ஐயா. அவன் குடிக்கவில்லை, தூங்கவும் இல்லை. மூடு என்று வெள்ளிக்கிழமை சொன்னதும் நான், நீட்டு என்று சனிக்கிழமை சொன்னதும் நான். எல்லாம் யோசித்து நிதானமாகச் செய்ததுதான். கவனக்குறைவு என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், என் வேலையில் கவனக்குறைவு என்று பதினோரு வருஷத்தில் யாரும் சொன்னதில்லை.

இன்னும் ஒரு விஷயம் பாக்கி இருக்கிறது. அதை லோகநாதன் உங்களிடம் சொல்லவில்லை என்று தெரிகிறது, கெங்கம்மாவும் வேறு மாதிரி புரிந்துகொண்டிருக்கிறாள். அன்றைக்கு நான் கேட்டுக்குப் போனபோது இந்தப் பக்கம் ஒரே ஒரு ரிக்‌ஷாதான் நின்றது. உள்ளே நீலா. கெங்கம்மா தோளில் சாய்ந்திருந்தாள், முகமெல்லாம் வியர்வை, உதடு வெளுத்துக்கிடந்தது. கேட் திறக்கிற மாதிரி தெரியவில்லை, கேட்டுக்கு அடியில் கைத்தாங்கலாகக் குனிந்து அந்தப் பக்கம் போய் வேறு வண்டி பிடிக்கலாம், எழுந்திரு என்று கெங்கம்மா அவளை இழுத்துக்கொண்டிருந்தாள். அவளும் ஒரு காலைக் கீழே வைத்துவிட்டாள். அப்போதுதான் என்னைப் பார்த்தாள்.

“வோணாம்க்கா, உக்காரு. எங்க அண்ணன் வந்துட்ச்சி. அது சொன்னா தொறந்துடுவாங்க” என்றாள்.

எனக்குத் தெளிவாகக் கேட்டது. நான் அவளைப் பார்த்துக் கையை உயர்த்தினேன். காலை மறுபடி வண்டிக்குள் எடுத்துக்கொண்டாள். நான் நேராக லோகநாதனிடம் போனேன். வண்டிக்குள்ளே பிள்ளைத்தாய்ச்சி இருக்கிறாள், பார்த்தாயா என்றுதான் அவன் கை காட்டினான். பார்த்துவிட்டேன், இருபத்தைந்து நிமிஷம் என்றேன். திரும்பும்போது தொட்டிகளுக்குப் பின்பக்கமாக நடந்து வந்தேன், அது கொஞ்சம் சுற்றுத்தான். அண்ணன்காரன் எவ்வளவோ கெஞ்சியும் அந்தக் கேட்காரப் பாவி திறக்கவில்லை என்று கெங்கம்மா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

நாளைக்கு வேலப்பன் இதைக் கேள்விப்படுவான். கேள்விப்படட்டும். அவனும் கெங்கம்மாவும் வியாசர்பாடியும் என்னை என்ன வேண்டுமானாலும் பேசட்டும். நீலா பேச மாட்டாள், ஐயா. நான் கையை உயர்த்தினேன் என்று சொன்னேன் இல்லையா, அந்த வலியிலும் அவள் என்னைப் பார்த்து வாய் நிறையச் சிரித்தாள். என்மேல் அவளுக்கு ஏதாவது வருத்தம் இருந்திருந்தால் அப்படிச் சிரித்திருப்பாளா, நீங்களே சொல்லுங்கள்.